மோட்டார் நின்ற பிறகு

அந்த ஏரிக்கரையில் முதல் நாள் பதிவுசெய்தது நான்கு மணி நேரம். அதில் பாதி நேரத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் உறுமல்தான். கரையின் ஓரத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் மோட்டார். இருபது நிமிடம் ஓடும், நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும். வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டியதும் மோட்டார் ஓடிய பகுதிகளைத்தான் முதலில் வெட்டித் தள்ளினேன். மிச்சமிருந்த தவளைக் குரல்கள், நாணல் உரசும் ஓசை, கரையில் அலை தட்டும் சத்தம் எல்லாவற்றையும் கோத்து, ஒன்று மறைய இன்னொன்று எழுவதுபோல ஓரங்களைக் கரைத்துவிட்டுப் பதினான்கு நிமிடப் படைப்பு ஒன்றைச் செய்து முடித்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நீர்நிலை உயிரினங்களை ஆராயும் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "ஆறாவது நிமிஷத்துல இத்தனை தவளையும் எதுக்கு ஒண்ணா ஆரம்பிக்குது? மழை வரல, இருட்டின மாதிரியும் தெரியல. காரணமே இல்லாம கத்துதே?"

மூலப் பதிவைத் திறந்து அந்த இடத்தைத் தேடினேன். மோட்டார் நிற்கிறது. சில நொடிகளுக்கு எதுவும் என் காதில் படவில்லை. அப்புறம் வலது பக்கத்திலிருந்து ஒரே ஒரு தவளை, தயங்கித் தயங்கி. எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று. ஒன்றரை நிமிடத்துக்குள் ஏரி முழுவதும் கூட்டுக்குரல். நான்கு மணி நேரத்திலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. நான் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துப் போட்டது அந்தத் தவளைகளின் காரணத்தை.

அந்தப் பதினான்கு நிமிடத்தை அப்படியே விட்டுவிட்டு வேறொன்று செய்ய எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. அந்த ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கத் தோன்றியது. சுற்றுப்புற ஒலியை வைத்துக் கலை செய்கிறவர்கள் பலரும் நான் போன வழியில்தான் முதலில் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒலியை அதன் காரணத்திலிருந்து பிரிப்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்த மரபு ஒன்று உண்டு, அதுவும் பெரிய மரபு. பாரிசில் வானொலிப் பொறியாளராக இருந்த பியர் ஷேஃபர் 1948இல் ரயில் சத்தங்களைத் தட்டில் பதிந்து, வெட்டி, திருப்பித் திருப்பி ஓடவிட்டு இசையாக்கினார். என்ன பொருள், எந்த ஊர் ரயில் என்பதையெல்லாம் மறந்துவிட்டு ஒலியை ஒலியாக மட்டும் கேளுங்கள் என்பது அவர் பின்னாளில் வகுத்த பாடம். அந்தப் பாடம் இல்லாமல் இன்றைய மின்னணு இசை இல்லை. ஒரு கதவின் கிறீச்சிடலுக்குள் எத்தனை சுரம், எத்தனை சொரசொரப்பு இருக்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது அதுதான். எனக்கும் அதுதான் முதல் பள்ளி.

இரண்டாவது பள்ளி கடலுக்கு அப்பால் கனடாவில் பிறந்தது. அதைத் தொடங்கிய இசையமைப்பாளரின் பெயரும் தமிழில் எழுதும்போது ஷேஃபர் என்றே ஆகிவிடுகிறது, அதனால் இவரை மர்ரே ஷேஃபர் என்றே சொல்கிறேன். வான்கூவர் அருகே சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் அவரும் அவர் குழுவும் ஊரின் ஒலிகளை ஆவணப்படுத்தத் தொடங்கினார்கள்; வான்கூவர் நகரின் ஒலிப்பதிவுகள் 1973இல் வெளிவந்தன. ஓர் இடத்தின் ஒலிகளை மர்ரே மூன்றாகப் பார்த்தார். பின்னணியில் எப்போதும் இருந்து, கவனிக்காமலேயே காதில் ஊறிக் கிடக்கும் ஒலி ஒன்று. நம் கச்சேரியில் சுருதிப்பெட்டி மாதிரி. கவனத்தைப் பிடித்து இழுக்கும் மணி, ஊதல் போன்றவை இரண்டாவது. அந்த இடத்துக்கே உரிய, இழந்தால் அந்த இடம் வேறாகிவிடும் ஒலி மூன்றாவது. இந்தக் கணக்கில் பார்த்தால் என் ஏரிக்கு மோட்டார்தான் சுருதி. சுருதியை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஏன் ஒட்டவில்லை என்று முழித்திருக்கிறேன்.

அந்தக் குழுவிலிருந்து வந்த பாரி ட்ரூவாக்ஸ், இப்படிச் சூழலை வைத்து இசை அமைப்பவர்களுக்குச் சில அடிப்படைகளைச் சொன்னார். எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். எவ்வளவு மாற்றினாலும் மூல ஒலி இன்னதென்று கேட்பவருக்கு அடையாளம் தெரிய வேண்டும். கேட்பவர் அந்தச் சூழலைப் பற்றி ஏற்கெனவே அறிந்தது, உணர்ந்தது எல்லாம் படைப்புக்குள் வேலை செய்ய வேண்டும். இசையமைப்பவர் சூழலைப் பற்றி அறிந்தது படைப்பின் வடிவத்தை ஒவ்வொரு மட்டத்திலும் தீர்மானிக்க வேண்டும். கடைசியாக, கேட்டு முடித்து எழுந்து போகிறவர் தன் அன்றாடத்தைக் கேட்கும் விதமே கொஞ்சம் மாற வேண்டும். மூன்றாவதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஏரியின் ஒலிகளை எடுத்திருந்தேன், வடிவத்தை என் விருப்பத்திலிருந்து எடுத்திருந்தேன். மெதுவாகத் தொடங்கி, நடுவில் உச்சம், கடைசியில் தேய்ந்து மறைவு. எந்த ஏரியிலும் அப்படி ஒரு மாலை நடப்பதில்லை.

வெட்டவே கூடாதா என்று கேட்டால், அப்படியும் இல்லை. அதே குழுவில் இருந்த இசையமைப்பாளர் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1989இல் செய்த ஒரு படைப்பு இந்த விஷயத்தில் எனக்குப் பாடப்புத்தகம். வான்கூவரின் கிட்சிலானோ கடற்கரை, அமைதியான ஒரு காலை. பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசுகள் என்னும் சின்ன ஓட்டுயிர்கள் நீரில் க்ளிக் க்ளிக் என்று எழுப்பும் நுண்ணிய சத்தம் அவருக்கு வேண்டும். பின்னால் நகரம் முழங்கிக்கொண்டே இருக்கிறது. அவர் ஃபில்டர் போட்டு நகரத்தின் முழக்கத்தை எடுக்கத்தான் செய்கிறார். ஆனால் எடுப்பதைத் தன் குரலிலேயே கேட்பவரிடம் சொல்கிறார். ஸ்டூடியோவில் இதெல்லாம் செய்ய முடியும் என்று சொல்லிக்கொண்டே நம் காது முன்னால் நகரத்தைக் கரைய வைக்கிறார். அங்கிருந்து கனவுகளுக்குள் போகிறார், நுண்ணிய ஒலிகள் நிறைந்த கனவுகள். முடிவில் நகரம் திரும்பி வருகிறது, ஆனால் இப்போது அதை எதிர்கொள்ள நமக்குத் தெம்பு இருக்கிறது. பத்து நிமிடத்துக்கும் குறைவு. ஒலியை வெட்டுவதை ஒளிக்காமல் அதையே படைப்பின் நிகழ்ச்சியாக்கியதில்தான் அதன் நேர்மை. நான் வெட்டியதை மறைத்திருந்தேன்.

சரி, தவளைக்கு வருகிறேன். இரைச்சலில் நாம் நம்மையறியாமல் குரலை உயர்த்திப் பேசுவதை பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்டு 1911இலேயே விவரித்தார். பறவைகளில் இதற்கு நெருங்கிய வேறொரு தந்திரம் தெரியவந்தது: நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் கூடிய பகுதிகளில் வாழும் பட்டாணிக்குருவிகள் பாட்டின் கீழ்ச்சுரங்களைத் தவிர்த்து மேலே பாடுகின்றன என்று 2003இல் ஆய்வு வந்தது. வண்டிச் சத்தத்தின் பலமெல்லாம் தாழ்ந்த அதிர்வெண்களில். அதற்கு மேலே எழுந்தால்தான் பாட்டு போய்ச் சேரும். தவளைகளில் கதை இன்னும் சிக்கலானது. தாய்லாந்தின் குளங்களில் விமானச் சத்தத்தையும் மோட்டார் சைக்கிள் சத்தத்தையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியானது. சில இனங்கள் கத்துவதைக் குறைத்துக்கொண்டன, ஓர் இனம் கூடுதலாகக் கத்தியது. மற்றவை அடங்கியதால் கிடைத்த இடைவெளியை அது பிடித்துக்கொண்டிருக்கலாம்.

தோழியோடு உட்கார்ந்து என் பதிவை இந்தக் கண்ணோட்டத்தில் மறுபடி கேட்டேன். மோட்டார் ஓடும்போதும் தவளைகள் முழுக்க அடங்கவில்லை. உறுமலுக்கு மேலே, மிக மெல்லிய உயர்ந்த குரல் ஒன்று விடாமல் போய்க்கொண்டிருந்தது. நின்றதும் கனத்த குரல்கள் எழ, இந்த மெல்லிய குரல் அதற்குள் மூழ்கிப்போனது. முதல் முறை வெட்டியபோது இந்த ஓர் இனத்தை முழுவதுமாகத் தொலைத்திருந்தேன். மோட்டார் ஓடும் நேரம்தான் அது தனித்துக் கேட்கும் நேரம்.

காதால் மட்டுமே பிடிபடும் சில உண்மைகள் உண்டு என்பதற்கு இயற்கை ஒலிகளைப் பதிந்துவந்த பெர்னி க்ராஸ் சொல்லும் லிங்கன் புல்வெளி ஓர் எடுத்துக்காட்டு. கலிஃபோர்னியாவின் சியெர்ரா நெவாடா மலையில் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டப்போகிறார்கள், சூழலுக்குக் கேடு வராது என்று சொல்லப்பட்டது. 1988இல் வெட்டும் முன் ஒரு விடியலைப் பதிந்தார். மறு வருடம் அதே மாதம், அதே நேரம், அதே இடத்தில் மறுபடி பதிந்தார். புகைப்படத்தில் இரண்டு வருடமும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஒலிப்பதிவில் முதல் வருடம் பறவைகள் அடர்ந்து கிடந்த இடத்தில் இரண்டாம் வருடம் ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தியும்தான் மிஞ்சுகின்றன. பிறகு பல முறை போயும் பழைய அடர்த்தி திரும்பவில்லை என்கிறார். ஒவ்வோர் உயிரினமும் தனக்கென்று ஓர் அலைவரிசையை, ஒரு நேரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, வாத்தியக் குழுவில் போல என்பது அவருடைய கருத்து. எல்லா இடங்களிலும் இது அப்படியே பொருந்துவதாக ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனால் இசை அமைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வாசல்! ஒலியின் அதிர்வெண்களைப் படமாக்கிக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமை விரித்துப் பார்த்தால் தாழ்ந்த பகுதியில் மோட்டார், நடுவில் தவளை, அதற்கு மேலே பூச்சிகள் என்று ஏரி ஏற்கெனவே தன் குரல்களை அடுக்கி வைத்திருக்கிறது. நான் போய் எதையும் அடுக்க வேண்டியதில்லை.

தமிழில் படித்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. திணை இலக்கணத்தில் கருப்பொருள் பட்டியலில் மரமும் விலங்கும் புள்ளும் வரும் வரிசையிலேயே பறையும் யாழும் வருகின்றன. நிலம் மாறினால் இசைக்கருவியும் மாறும் என்று எழுதிவைத்த மொழி இது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அந்தப் பட்டியல் ஏன் அப்படி இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

இரண்டாம் சுற்றில் வேலை முறையை மாற்றினேன். முதல் பத்து நாள் ரெக்கார்டரை எடுத்துப் போகவில்லை. கருவி கையில் இருந்தால் மனம் "நல்ல சத்தம்" தேடுகிறது; இல்லாவிட்டால் எது வந்தாலும் கேட்கிறது. நோட்டுப் புத்தகம் மட்டும். அதில் எழுதுவதற்கு இரட்டைக்கிளவியைவிட நல்ல குறியீடு கிடைக்கவில்லை. சரசர என்றால் நாணலில் காற்று. சலசல என்றால் ஓடி வரும் தண்ணீர். சளசள என்றால் சேற்றோரம். படபட என்று எழுதினால் அது நீரிலிருந்து எழும் பறவையின் இறகு, தடதட என்றால் மோட்டார் அறையின் தகரக் கதவு. ஒலியின் தடிமன், வேகம், ஈரம் எல்லாம் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பார்கள். "சர" என்று தனியே நிறுத்தினால் ஒன்றுமில்லை. ஒலியையும் அது எழுந்த இடத்தையும் பற்றி நான் இத்தனை பக்கம் எழுதித் தேடுவதை இலக்கண ஆசிரியர்கள் ஒரு வரியில் வேறு எதற்கோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்து நாளில் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல் தூரத்துச் சாலையின் இரைச்சல் ஏறுவதைக் கவனித்து, "மாலையில் வண்டிகள் அதிகம்" என்று குறித்து வைத்திருந்தேன். ஒரு நாள் சாலைக்கே போய் நின்று பார்த்தேன். வண்டிகள் குறைந்துதான் இருந்தன. விஷயம் காற்றில் இருந்தது. பகலில் தரைக்கு அருகில் காற்று சூடு, மேலே குளிர்ச்சி; ஒலி மேல்நோக்கி வளைந்து தொலைந்துபோகிறது. சூரியன் இறங்கியதும் நீர்ப்பரப்பின் மேல் குளிர்ந்த காற்று படிகிறது, அதற்கு மேல் சூடான காற்று. இப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து கரைக்கு வருகிறது. எதிர்க்கரையில் யாரோ இருமுவது பக்கத்தில் கேட்பதும் இதனால்தான். ஆக, என் பதிவில் சாலை இரைச்சல் மெல்ல ஏறுவது, ஏரியின் மேல் காற்று குளிர்வதன் ஓசை. இதை அறிந்த பிறகு அந்த இரைச்சலை எப்படி ஃபில்டர் போட்டு எடுப்பது? படைப்பில் மாலை வருவதை அறிவிக்கும் பொறுப்பையே அதனிடம் கொடுத்தேன்.

நீருக்குள் கேட்கும் மைக்கான ஹைட்ரோஃபோனை இறக்கியபோது வேறோர் உலகம் திறந்தது. நண்பகல், நல்ல வெயில். முதலில் கருவியில் கோளாறு என்றே நினைத்தேன். டிக் டிக் டிக் என்று நூற்றுக்கணக்கான சிறு சொட்டுச் சத்தங்கள். நீரடிச் செடிகள் ஒளிச்சேர்க்கையில் வெளிவிடும் ஆக்சிஜன், குமிழிகளாகக் கழன்று மேலேறும் சத்தம் அது. ஒரு மேகம் சூரியனை மறைத்தது. சிறிது நேரத்தில் டிக் டிக் இடைவெளி விட்டு ஒலிக்கத் தொடங்கியது. மேகம் விலகியதும் மறுபடி நெருக்கம். ஒலி வழியாக மேகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மூன்று மணி நேரம் இடம்விட்டு எழவில்லை, முழங்கால்வரை நீரில் நனைந்திருந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

படைப்பின் நடுப்பகுதியின் தாளம் அந்தக் குமிழிகள்தான். லயம் நன்றாக இருக்கிறதே என்று ஒரு பகுதியை லூப் செய்ய, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட, கை பரபரத்தது. செய்தேன், கேட்டேன், அழித்தேன். லூப் செய்த நொடியில் மேகம் நின்றுபோகிறது. அடுத்த குமிழி எப்போது என்பதைச் செடியும் வெயிலும் தீர்மானிக்கும்வரை அது ஏரி; நான் தீர்மானித்தால் அது டிரம் மெஷின். டிரம் மெஷின் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்கு இந்த ஏரி தேவையில்லை.

நியூ மெக்சிகோவில் பின்யோன் பைன் மரங்களின் பட்டைக்குள் வண்டுகள் துளைத்துக்கொண்டிருந்தபோது, இசையமைப்பாளர் டேவிட் டன் சமையலறை வெப்பமானியின் முள்ளையும், அதிர்வை மின்சாரமாக்கும் அழுத்தமின் வில்லையையும் சேர்த்துத் தானே ஒரு கருவி செய்து, மரத்துக்குள் செருகிக் கேட்டார். அதிலிருந்து 2006இல் ஓர் ஒலிப்படைப்பு வந்தது. வறட்சியில் நலிந்த மரங்கள், அவற்றைத் தின்னும் வண்டுகளின் உரையாடல். மரத்துக்குள் இருக்கும் நெரிசலைக் கேட்டால் காடு அழிவது என்பது எவ்வளவு பரபரப்பான வேலை என்று தெரிகிறது. அதோடு நிற்காமல் வன ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்த ஒலிகளைக் கொண்டே வண்டுகளின் நடத்தையை மாற்ற முடியுமா என்றும் ஆராய்ந்தார். காரணத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகும் காது எதுவரை போகும் என்பதற்கு அவரை நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இன்னும் சங்கடம் தரும் ஓர் இடம் வௌவால். இரவுப் பதிவை நொடிக்கு 1,92,000 மாதிரிகள் என்ற வேகத்தில் எடுத்தேன்; அப்போது அதில் பாதி, அதாவது 96,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கலாம். மனிதக் காதுக்கு 20,000 வரைதான். மைக்கும் அந்த உயரத்தில் கேட்கிற வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணிக்கையால் பயனில்லை. பத்து மடங்கு மெதுவாக்கினால் 45,000 ஹெர்ட்ஸ் வௌவால் குரல் 4,500 ஆகிக் காதுக்கு வருகிறது. பறவை கூவுவதுபோல, நம்ப முடியாத அழகு. ஆனால் ஒரு நொடி பத்து நொடியாகிவிடுகிறது. பூச்சியை நெருங்க நெருங்க வௌவால் குரலை வேகப்படுத்திக் கொத்தாகக் கொட்டும், அந்த அவசரம் முழுவதும் ஒரு தாலாட்டாகிவிடுகிறது. பசியை அமைதியாக்கிக் காட்டுவது பொய்யா? ரொம்ப நாள் யோசித்தேன். கடைசியில் இப்படிச் செய்தேன்: மெதுவாக்கும்போது பின்னால் உள்ள தவளையும் மோட்டாரும் சேர்ந்தே மெதுவாகட்டும் என்று விட்டேன். மோட்டார் பூமிக்கடியில் இழுபடும் பாறைபோல ஆகிறது. காலம் மாறிவிட்டது என்பது கேட்பவருக்கு உடனே தெரிகிறது. இன்னும் முழு நிம்மதி இல்லை, ஆனால் ஒளிக்கவில்லை.

இந்தப் பேச்சுக்கெல்லாம் எதிர்ப்பக்கம் நிற்பவர் பிரான்சிஸ்கோ லோபஸ். கோஸ்டா ரிக்கா மழைக்காட்டில் பதிந்த ஒலிகளைக் கொண்டு 1998இல் ஒரு படைப்பை வெளியிட்டவர், தானே உயிரியல் படித்தவர். அந்தப் படைப்பு ஒரு காட்டைப் பற்றிய ஆவணம் அல்ல என்பது அவர் வாதம். எந்தப் பூச்சி, எந்தத் தவளை என்ற பெயர்ப்பட்டியல் கேட்பதைக் கெடுக்கிறது என்பார். தன் நிகழ்ச்சிகளில் பார்வையாளர்களின் கண்ணைக் கட்டிவிடுவார். அந்தக் காட்டின் அடர்த்திக்குள் மூழ்கியபோது அவர் சொல்வது சரி என்றே எனக்கும் பட்டிருக்கிறது. பெயர் தெரிந்ததும் கேட்பதை நிறுத்திவிடும் பழக்கம் நமக்கு உண்டு, "ஆ, குயில்" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். ஆனாலும் நான் அவர் பக்கம் போகவில்லை. பெயரை மறைக்கலாம், உறவை மறைக்கக் கூடாது என்பது என் நிலை. அந்த மெல்லிய குரல் தவளையின் பெயர் யாருக்கும் தெரிய வேண்டாம். அது மோட்டாரோடு வருகிறது, மோட்டாரோடு மூழ்குகிறது என்பது காதில் விழ வேண்டும்.

படைப்பு முடிந்தது, 38 நிமிடம். மூன்று முறை மோட்டார் ஓடி மூன்று முறை நிற்கிறது. எங்கே போட்டுக் காட்டுவது? ஏரிக்கரையிலேயே ஸ்பீக்கர் வைக்கலாம் என்று பலர் சொன்னார்கள். தோழி கூடாது என்றாள். ஒலி வெறும் நினைவுச்சின்னம் கிடையாது, உயிர்களை அது நகர்த்தும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், ஆரோக்கியமான பவளப்பாறையின் ஒலியைச் சிதைந்த பாறைத்திட்டுகளில் நாற்பது நாள் ஒலிக்கவிட்டபோது, ஒலி இல்லாத திட்டுகளைவிட இரண்டு மடங்கு மீன்கள் வந்து சேர்ந்தன என்று 2019இல் ஆய்வு வந்தது. இனப்பெருக்க காலத்தில் கரையில் நின்று தவளைக் கூட்டத்தின் குரலை உரக்க ஒலிக்கவிட்டால், இல்லாத ஆண்களோடு போட்டி போட்டு இருக்கிற ஆண்கள் சக்தியை இழக்கும். அதனால் கரையில் ஹெட்போன் மட்டும். ஒரு முறைக்கு எட்டுப் பேர்.

இசையமைப்பாளர் அனியா லாக்வுட் 1982இல் ஹட்சன் ஆற்றை ஒலிவரைபடமாக்கியபோது, எந்த ஒலி ஆற்றின் எந்த இடம் என்று கேட்பவர் பார்த்துக்கொள்ள ஒரு வரைபடத்தைச் சுவரில் வைத்தார். நானும் ஒரு தாளில் கரையை வரைந்து, மைக் இருந்த ஐந்து இடங்களையும் நேரத்தையும் மட்டும் குறித்துக் கொடுத்தேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை.

இரண்டாவது குழுவில் மோட்டார் அறையைப் பார்த்துக்கொள்கிற பெரியவரும் உட்கார்ந்தார். நான்தான் அழைத்திருந்தேன். முதல் முறை மோட்டார் ஓடத் தொடங்கியதும் நிமிர்ந்து அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அது அங்கே ஓடவில்லை, காதுக்குள் ஓடுகிறது என்று புரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டார். 38 நிமிடமும் அசையவில்லை. ஹெட்போனைக் கழற்றியதும் கேட்டார்: "தம்பி, நிக்கும்போது ஒரு 'தக்'னு வருதே, அதை இன்னொரு தரம் போடுங்க."

போட்டேன். நான் கவனித்ததே இல்லை. உறுமல் தேயும் கடைசியில், மிகத் தாழ்வாக ஒரு தட்டு.

"அது வால்வு. தண்ணி திரும்பி வராம அது மூடிக்கிற சத்தம். அது கேட்டாத்தான் நான் வீட்டுக்குக் கிளம்புவேன்" என்றார்.

அன்று இரவு மூலப் பதிவில் மோட்டார் நின்ற இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், மொத்தம் ஆறு. ஆறிலும் அந்தத் 'தக்' இருக்கிறது. முதல் தவளை ஒருமுறைகூட அதற்கு முன்னால் குரல் கொடுக்கவில்லை.